மண்டேலா படித்த ஆஃப்ரிகான்ஸ்

நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் 'பண்பாட்டு நுண்ணறிவு' என்ற பாடம் வந்துவிட்டால், நெல்சன் மண்டேலா பச்சை ஜெர்சி அணிந்து நிற்கும் படமும் கூடவே வந்துவிடும். 1995 ஜூன் 24, ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானம், உலகக் கோப்பை ரக்பி இறுதி ஆட்டம். கறுப்பர்கள் பல காலமாக வெறுத்துவந்த, தென்னாப்பிரிக்காவின் ஸ்பிரிங்போக் அணியின் சட்டையை, அணித்தலைவர் ஃபிரான்சுவா பினாரின் 6ஆம் எண்ணோடு போட்டுக்கொண்டு அதிபர் மைதானத்துக்குள் வருகிறார். ஏறக்குறைய முழுக்க வெள்ளையர்களே நிறைந்த கூட்டம் அவர் பெயரைச் சொல்லி முழங்குகிறது. கூடுதல் நேரம் வரை இழுத்த ஆட்டத்தில் 15–12 என்ற கணக்கில் நியூசிலாந்து தோற்கிறது. பிறர் பண்பாட்டை மதியுங்கள் என்று சொல்லிப் பயிற்சியாளர் முடிப்பார். பிறகு தேநீர் இடைவேளை.

கதை உண்மைதான். ஆனால் சட்டை போட்டுக்கொள்வது அரை நிமிட வேலை. அதற்குப் பின்னால் முப்பது ஆண்டுப் படிப்பு இருக்கிறது. மண்டேலா என்ன படித்தார், எதற்காகப் படித்தார், அதற்காக எதைக் கொடுத்தார், எதைக் கடைசிவரை கொடுக்கவில்லை என்பதைப் பார்க்காமல் சட்டையை மட்டும் பார்த்தால், அவர் ஏதோ பெருந்தன்மையான தாத்தா என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

நிறவெறி அரசு தொடுத்த ரிவோனியா வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 1964இல் ராபன் தீவுச் சிறைக்குப் போனவர் அவர். அங்கே பகலில் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. மற்ற நேரத்தில் அஞ்சல் வழிப் படிப்பு. அந்தப் படிப்பில் அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று ஆஃப்ரிகான்ஸ். நிறவெறிச் சட்டங்களை இயற்றிய கட்சியின் மொழி அது. காவலர்கள் கைதிகளை ஏசியதும் அதே மொழியில்தான். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கியது, அந்த மொழியைப் பாடமொழியாகத் திணித்ததை எதிர்த்துத்தான். போலீஸ் சுட்டதில் பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். அப்படிப்பட்ட மொழியைச் சக கைதிகளும் படிக்க வேண்டும் என்று மண்டேலா வற்புறுத்தினார்.

இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மேக் மஹராஜ் என்ற இளம் கைதி இதை ஏற்காமல் வாதாடியிருக்கிறார். ஒடுக்குகிறவனின் மொழி நமக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. மண்டேலா சொன்ன பதிலை மஹராஜே பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். நம்முடையது நீண்ட போர். எதிர்ப்படைத் தளபதியின் மனம் எப்படி ஓடும் என்று தெரியாமல் அவனை வெல்ல முடியாது. அவனுடைய இலக்கியத்தையும் கவிதையையும் படிக்காமல் அந்த மனம் பிடிபடாது. இதுதான் அந்தப் பதிலின் சாரம். இதில் மன்னிப்புப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1952இல் ஆலிவர் டாம்போவுடன் சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞர் அலுவலகம் திறந்தவர் மண்டேலா. எதிர்த்தரப்பின் வழக்குக் கட்டை வரிவரியாகப் படித்துவிட்டு வழக்காட நிற்கும் வக்கீலின் பழக்கம்தான் இது.

படித்ததில் அவருக்கு என்ன கிடைத்தது? தன்னை அடைத்து வைத்திருப்பவர்கள் தங்களை எஜமானர்களாக மட்டும் பார்க்கவில்லை, பாதிக்கப்பட்டவர்களாகவும் பார்க்கிறார்கள் என்ற செய்தி. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் ஆங்கிலேயர் அமைத்த தடுப்பு முகாம்களில், ஆஃப்ரிகான்ஸ் பேசும் வெள்ளையர்களான ஆஃப்ரிகானர் பெண்களும் குழந்தைகளும் சுமார் 26,000 பேர் மடிந்தார்கள். (கறுப்பர்களுக்கென்று தனி முகாம்களும் இருந்தன, அங்கேயும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அந்தக் கணக்கை எடுக்க வெகுகாலம் யாரும் மெனக்கெடவில்லை.) நாம் சிறு கூட்டம், மொழியும் மண்ணும் பறிபோனால் அழிந்துபோவோம் என்ற பயம் அந்தச் சமூகத்தின் எலும்பில் ஊறியிருந்தது. நிறவெறிக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப் போகிறவனுக்கு எதிராளியின் ஆசையைவிட அவனுடைய பயம் தெரிந்திருப்பதுதான் பெரிய முதல்.

சிறு அளவில் இது எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு சம்பவம். கேப் டவுனை ஒட்டிய போல்ஸ்மூர் சிறையில் மதியமே அதிகமாகச் சாப்பாடு வரும். ஒரு பகுதியை இரவுக்கு எடுத்து வைத்தால் ஆறிப்போகும். சூடாக்க ஒரு மின் அடுப்பு வேண்டும் என்று கேட்டும் நடக்கவில்லை. அப்போது பொறுப்பிலிருந்த மேஜருக்கு ரக்பி என்றால் உயிர். மண்டேலாவுக்கோ ரக்பியில் ஈடுபாடே கிடையாது. கறுப்புக் கைதிகள் ஸ்பிரிங்போக்கை எதிர்த்து ஆடும் அணிக்குத்தான் கைதட்டுவார்கள். ஆனாலும் அவர் ஆட்டக்காரர்களின் பெயர்களையும் நடப்பு ஆட்டங்களையும் கரைத்துக் குடித்தார். மேஜர் வந்ததும் ஆஃப்ரிகான்ஸில் ரக்பிப் பேச்சைத் தொடங்கினார். நடுவே அடுப்பு விஷயமும் வந்தது. அங்கேயே நின்று, இவருக்கு ஓர் அடுப்பு ஏற்பாடு செய் என்று காவலரிடம் சொல்லிவிட்டுத்தான் மேஜர் போனார்.

பெரிய இடத்தில் இவ்வளவு சுலபமாக நடந்துவிடவில்லை. 1989 ஜூலை 5 அன்று அதிபர் பி.டபிள்யூ. போத்தாவைச் சந்திக்க, கைதி மண்டேலா ரகசியமாக அழைத்துச் செல்லப்பட்டார். உள்ளே நுழையும் முன், அவர் ஷூ கயிறு சரியாகக் கட்டப்படாததைப் பார்த்து உளவுத்துறைத் தலைவர் நீல் பர்னார்ட் மண்டியிட்டுக் கட்டிவிட்டார். போத்தா எழுந்து வந்து கைகுலுக்கினார், தேநீர் ஊற்றிக் கொடுத்தார். மண்டேலா 1914ஆம் ஆண்டின் ஆஃப்ரிகானர் கிளர்ச்சியை எடுத்துப் பேசினார். உங்கள் முன்னோரும் அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தி ஊர்களைப் பிடித்தவர்கள்தானே, எங்கள் போராட்டமும் அதுபோலத்தானே என்றார். அது சகோதரச் சண்டை, உங்களுடையது புரட்சி என்று மறுத்துவிட்டார்கள். அரசியல் கைதிகளை நிபந்தனையில்லாமல் விடுவியுங்கள் என்று கேட்டதற்கு முடியாது என்று பதில் வந்தது. மரியாதை கிடைத்தது, கோரிக்கை நிறைவேறவில்லை. எதிராளியின் பண்பாடு தெரிந்தால் எல்லாக் கதவும் திறக்கும் என்று பாடம் நடத்துகிறவர்கள் இந்த அரைமணி நேரத்தைச் சொல்வதில்லை.

1993இல் நடந்ததும் இப்படிக் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். முன்னாள் ராணுவத் தலைமைத் தளபதி கான்ஸ்டாண்ட் வில்யூன், வலதுசாரி ஆஃப்ரிகானர்களைத் திரட்டிக்கொண்டு ஆயுதப் போருக்கே தயாராக இருந்தார். அவரை மண்டேலா தன் வீட்டுக்கு அழைத்தார். தானே தேநீர் ஊற்றி, பால் வேண்டுமா, சர்க்கரை வேண்டுமா என்று கேட்டார், ஆஃப்ரிகான்ஸில் பேசினார். அடுத்து அவர் சொன்னதில் இனிப்பு ஒன்றும் இல்லை. சண்டை என்று வந்தால் போர்க்களத்தில் உங்களை எங்களால் ஜெயிக்க முடியாது, ஆனால் எங்கள் எண்ணிக்கையையும் உலகத்தின் ஆதரவையும் மீறி நீங்களும் ஜெயிக்க முடியாது என்றார். 1994 மார்ச்சில் வில்யூன் கட்சி பதிவுசெய்து தேர்தலில் நின்றார்; 9 இடங்கள் பெற்றார். அதே மாதம், கறுப்பர்களுக்கென ஒதுக்கப்பட்ட போபுத்தாட்ஸ்வானாவில் வலதுசாரி ஆயுதக் கும்பல்கள் புகுந்து அவமானப்பட்டுத் திரும்பியதும் அவர் மனமாற்றத்துக்குக் காரணம். தேநீருக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுத்துவிடக் கூடாது. ஆனால் திரும்பிவர நினைத்தவருக்கு மானத்தோடு வந்துசேர ஒரு வழி அதற்கு முன்பே போடப்பட்டிருந்தது.

இனி, கொடுத்தது எது, கொடுக்காதது எது என்ற கணக்கு. வெள்ளையர்களின் பழைய தேசிய கீதத்தைத் தூக்கிவிடலாம் என்று அவருடைய கட்சியின் செயற்குழு ஏறக்குறைய முடிவுசெய்திருந்தது. மண்டேலா கடிந்துகொண்டு அதைத் தடுத்தார். 1997இல் இரு கீதங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஸ்பிரிங்போக் சின்னத்தையும் காப்பாற்றிக் கொடுத்தார். நாடாளுமன்றத்தில் 1994 மே 24 அன்று நிகழ்த்திய உரையில், நியாங்காவில் ராணுவம் சுட்டுக் கொன்ற கறுப்புக் குழந்தையைப் பற்றி இங்க்ரிட் யோங்கர் எழுதிய கவிதையை வாசித்தார். யோங்கர் ஆஃப்ரிகானர், ஆஃப்ரிகான்ஸில் எழுதியவர். உங்கள் மொழியிலேயே எங்களுக்காக அழுதவர்கள் இருந்தார்கள் என்று அந்த அவையில் சொல்ல இதைவிட நல்ல வழி இருந்திருக்காது. 1995 ஆகஸ்டில், வெள்ளையர்கள் மட்டுமே வாழும் ஒரானியாவுக்குப் போய், நிறவெறியின் சிற்பியான ஹென்ட்ரிக் ஃபெர்வூர்டின் மனைவி பெட்சியைச் சந்தித்தார். 94 வயது மூதாட்டி தன் அறிக்கையை ஆஃப்ரிகான்ஸில் வாசிக்கத் தடுமாறியபோது, பக்கத்தில் குனிந்து நின்று வரிகளை எடுத்துக் கொடுத்தார்.

இவையெல்லாம் சின்னங்கள். ஆளுக்கு ஒரு வாக்கு என்ற கோரிக்கையில் ஓர் அங்குலமும் அவர் இறங்கி வரவில்லை. வன்முறையைக் கைவிடுவதாகச் சொன்னால் விடுதலை என்று போத்தா 1985இல் சொன்னபோது, மறுப்பை மகள் சின்ட்ஸி சோவெட்டோ கூட்டத்தில் வாசித்தார். வில்யூன் கேட்ட தனி ஆஃப்ரிகானர் நாடும் கிடைக்கவில்லை. 1996 அரசியல் சட்டத்தில் ஆஃப்ரிகான்ஸ் நீடித்தது, ஆனால் 11 அலுவல் மொழிகளில் ஒன்றாக. அதே பிரிவு, நாட்டில் வழங்கும் மற்ற மொழிகளையும் மதிக்கச் சொல்லி, அவற்றில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

இந்தச் சின்னங்களுக்கான விலையைச் சொந்த மக்களிடம்தான் அவர் கட்ட வேண்டியிருந்தது. உலகக் கோப்பை நேரத்தில் ஸ்பிரிங்போக் தொப்பியோடு குவாசுலு நட்டாலில் ஒரு கூட்டத்துக்குப் போனபோது கறுப்பர்களே கூச்சல் போட்டார்கள். நிலமும் வீடும் வேலையும் எங்கே என்ற அவர்கள் கேள்விக்கு ரக்பிக் கோப்பை பதில் ஆகாது. அந்தக் கோபம் நியாயமானது. இன்றும் தென்னாப்பிரிக்காவில் அது தணியவில்லை.

அதைவிடப் பெரிய சறுக்கல் வேறிடத்தில் நடந்தது, அதிகம் பேசப்படாத இடத்தில். எய்ட்ஸ் நாட்டில் பரவிக்கொண்டிருந்த காலம் அது. தேர்தல் பிரசாரத்தில் பாலுறவு, ஆணுறை என்று பேசத் தொடங்கியதும் கூட்டத்தில் முகங்கள் சுளித்தன. இப்படியே பேசினால் வாக்கு போய்விடும் என்று எச்சரித்தார்கள். ஜெயிக்க விரும்பியதால் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். எதிரியின் பண்பாட்டைக் கற்று அதை ஊடுருவிச் சென்றவர், சொந்த மக்களின் கூச்சத்தை மதித்து நின்றுவிட்டார். ஒரு பண்பாட்டை அறிவது என்றால் எங்கே அதற்கு வளைந்து கொடுப்பது, எங்கே அதை மீறுவது என்று அறிவதும்தான். பதவியை விட்ட பிறகு எய்ட்ஸ் குறித்து உரக்கப் பேசினார். 2005 ஜனவரி 6 அன்று மகன் மக்காதோ இறந்தபோது, செய்தியாளர்களை வீட்டுக்கு அழைத்து, காரணம் எய்ட்ஸ் என்று ஒளிவு மறைவில்லாமல் அறிவித்தார். அந்தத் துணிவு அதிபராக இருந்த ஐந்தாண்டுகளில் வெளிப்பட்டிருக்க வேண்டும். வந்தபோது காலம் கடந்திருந்தது.