மலிவு விண்டோஸும் எமது கடைக் கணக்கும்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. ஐரோப்பாவில் வீட்டுப் பாவனையாளருக்கு மேலும் ஒரு வருடம் இலவசமாகக் கிடைக்கிறது. வியாபாரத்துக்கு அந்தச் சலுகை இல்லை. நீடிப்பு வேண்டுமானால் ஒரு கணனிக்கு முதல் வருடம் 61 டொலர், இரண்டாம் வருடம் 122, மூன்றாம் வருடம் 244. கூட்டிப் பார்த்தால் 427 டொலர். அத்துடன் அதுவும் முடிந்துவிடும். பழைய கணனிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. கோப்பன்ஹேகனில் கியோஸ்க், பிட்சாக் கடை, துப்புரவு நிறுவனம் என்று நடத்தும் எம்மவர் பலரின் தலையில் இப்போது விழுந்திருக்கும் செலவு இது.

இந்த நிலையில் இரண்டு யோசனைகள் எம்மிடையே உலாவுகின்றன. ஒன்று, 2032 வரை திருத்தங்கள் வரும் விண்டோஸ் பதிப்பு ஒன்றின் திறவு இலக்கத்தை இணையத்தில் சொற்ப காசுக்கு வாங்கி, இருக்கும் கணனியிலேயே ஏற்றிவிடுவது. மற்றது, பெரிய கம்பனிகள் கழித்துவிட்ட ‘தின் கிளையன்ட்’ எனும் சிறு பெட்டிகளை மலிவாக வாங்கி மேசையில் வைப்பது. இரண்டும் ‘உட்பொதிந்த இயங்குதளம்’ என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியையும் நாம் பார்த்துவிட வேண்டும்.

வங்கியின் பணம் வழங்கும் இயந்திரம், விமான நிலையத்தில் பயணச்சீட்டு அச்சிடும் பெட்டி, கடையின் காசுப் பதிவு இயந்திரம் ஆகியவற்றின் உள்ளேயும் ஓர் இயங்குதளம் இருக்கிறது. அது ஒரே வேலைக்கென்று கட்டி ஒடுக்கப்பட்டது. விளையாட்டு இல்லை, தேவையற்ற செயலிகள் இல்லை. பலவற்றில் எழுதுதடுப்பு வசதியும் உண்டு. பகல் முழுவதும் அந்தக் கணனியில் எது நுழைந்தாலும், நிறுத்தி மீண்டும் இயக்கும்போது அழிந்து, முதல் நாள் இருந்த நிலைக்கே அது திரும்பிவிடும். தின் கிளையன்டும் அப்படித்தான். அது திரையையும் விசைப்பலகையையும் தூரத்திலிருக்கும் சேர்வருடன் இணைக்கும் ஒரு வாசல். கணக்கு எதுவும் அதற்குள் தங்குவதில்லை.

டென்மார்க்கில் இது சின்னக் கடைக்கும் உரிய விடயமாகிவிட்டது. வருட விற்பனை 50,000 குரோணருக்கும் 10 மில்லியன் குரோணருக்கும் இடைப்பட்ட கியோஸ்க்குகள், சிறு பலசரக்குக் கடைகள், பிட்சாக் கடைகள், கபேக்கள், உணவகங்கள் 2024 ஜனவரி 1 முதல் எண்மிய விற்பனைப் பதிவு முறையை வைத்திருக்க வேண்டும். புதிய கணக்குப்பதிவுச் சட்டமும் படிப்படியாக இறுகி வருகிறது. தொடர்ந்து இரண்டு வருடங்கள் 300,000 குரோணருக்கு மேல் விற்பனை செய்த தனிநபர் வியாபாரங்களும் 2026 ஜனவரி முதல் எண்மிய முறையிலேயே கணக்கு வைக்க வேண்டும். கொப்பியில் எழுதி, வருட முடிவில் பையோடு கணக்காளரிடம் கொண்டுவந்து கொட்டும் காலம் முடிந்துவிட்டது. கணனி படுத்தால் கணக்கும் படுக்கும்.

இனி அந்த 2032 விவகாரம். விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் நீண்டகாலப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் வரும் என்பது உண்மை. ஆனால் அது ஒரே பணிக்கான சாதனங்களுக்கென்று, சாதனம் தயாரிப்பவர் ஊடாக, அந்தச் சாதனத்தோடு சேர்த்து விற்கப்படும் பதிப்பு. கடிதம் எழுதி, மின்னஞ்சல் பார்த்து, பிள்ளையின் வீட்டுப்பாடமும் செய்யும் பொதுக் கணனியில் அதை ஏற்ற அந்த உரிமம் இடம்கொடுக்கவில்லை. காசுப் பதிவு இயந்திரத்தில் அது முறையாக வந்திருந்தால் நல்லது, பயமில்லாமல் பாவிக்கலாம். அலுவலகக் கணனிக்குத் தனியாக விற்கப்படும் இலக்கம் உரிமம் ஆகாது. செலவுச் சீட்டில் பதியத்தக்க பற்றுச்சீட்டும் பெரும்பாலும் அதற்குக் கிடைக்காது.

இது புதிய குறுக்குவழியும் அல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி. கைவிடப்பட்டபோது, கடை இயந்திரங்களுக்கான அதன் உட்பொதிந்த பதிப்புக்கு 2019 ஏப்ரல் வரை திருத்தங்கள் வந்தன. சாதாரணக் கணனியின் அமைப்பில் ஒரு சிறு மாற்றம் செய்து, அதையும் கடை இயந்திரம் என்று நம்பவைக்கும் வழியைச் சிலர் கண்டுபிடித்தார்கள். அந்தத் திருத்தங்கள் சாதாரண எக்ஸ்.பி.யை முழுமையாகக் காக்காது என்று மைக்ரோசொஃப்ட் அப்போதே எச்சரித்தது.

தின் கிளையன்ட் பக்கத்தில் நியாயம் கூடுதலாக இருக்கிறது. இங்கு பாவனையிலுள்ள டினேரோ, இ-கோனொமிக் போன்ற கணக்கு முறைகள் இணைய உலாவியிலேயே இயங்குகின்றன. அதற்குப் பெரிய கணனி தேவையில்லை. பழைய கணனியையே லினக்ஸ் மூலம் இப்படியான முனையமாக மாற்றலாம். ஜேர்மனியின் ஐகெல் நிறுவனம் இதற்கென்றே லினக்ஸில் அமைந்த இயங்குதளம் ஒன்றை விற்கிறது. மைக்ரோசொஃப்டில் தங்கியிருப்பதைக் குறைக்க டென்மார்க்கின் எண்மியமயமாக்கல் அமைச்சும், கோப்பன்ஹேகன், ஓர்ஹுஸ் நகரசபைகளும் 2025இல் முடிவெடுத்தன. ஆகவே இது ஏழையின் சமாளிப்பு என்று எவரும் கூச வேண்டியதில்லை. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அந்தப் பெட்டிக்குள் இருக்கும் இயங்குதளத்துக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு. பெட்டி புதிதாக மினுங்கினாலும் திகதி கடந்திருந்தால் அது பழைய இரும்புதான்.

ஆனால் வாசலைப் பூட்டிவிட்டால் பெட்டகம் பத்திரமாகிவிடாது. கோப்பன்ஹேகனைத் தலைமையகமாகக் கொண்ட மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை 2017 ஜூன் 27இல் ‘நொட்பெட்யா’ தாக்கியது. உக்ரேனில் வரிக் கணக்குக்குப் பாவிக்கப்பட்ட ஒரு மென்பொருளின் புதுப்பிப்பு ஊடாகவே அது பரவியது. 45,000 கணனிகளையும் 4,000 சேர்வர்களையும் மீள நிறுவ வேண்டியதாயிற்று. நட்டம் 200 முதல் 300 மில்லியன் டொலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது. மேசையில் இருந்தவை தின் கிளையன்டுகளாக இருந்திருந்தால் அந்த 45,000இல் பெரும்பகுதி தப்பியிருக்கலாம். ஆனால் சேர்வர்கள் தப்பியிரா. பாவனையாளர் பட்டியலின் ஒரேயொரு நல்ல பிரதி கானா அலுவலகத்தில் மிஞ்சியது. காரணம், தாக்குதல் நேரம் அங்கே மின்வெட்டு!

கிளவுட்நோர்டிக் என்ற டெனிஷ் சேர்வர் நிறுவனத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இருக்கவில்லை. 2023 ஓகஸ்ட் 18இல் தாக்கியவர்கள் சேர்வர்களை மட்டுமன்றிக் காப்புப் பிரதிகளையும் பூட்டிவிட்டார்கள். வாடிக்கையாளரில் பெரும்பாலோரின் தரவுகள் முழுவதும் போய்விட்டன என்று நிறுவனமே அறிவித்தது. தமது மேசையில் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்த சிறு வியாபாரிகளும் அதில் அடங்குவர்.

கணக்குப் பதிவுகளையும் பற்றுச்சீட்டுகளையும் 5 வருடங்கள் பேணும் கடமையைச் சட்டம் வியாபார உரிமையாளரிடமே வைத்திருக்கிறது. சேர்வர் கம்பனி விழுந்தது என்ற பதில் ‘மொம்ஸ்’ கணக்கை நிரூபிக்காது. காணி உறுதியையும் படிப்புச் சான்றிதழையும் விட்டுவிட்டு வந்து, கடதாசி இல்லாதவன் சொல் எடுபடாது என்பதை அலுவலகம் அலுவலகமாக ஏறிப் படித்தவர்கள் நாம். இதை எமக்கு வேறெவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே பெட்டி வாங்க முன்னர் விற்பவரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் இயங்குதளத்துக்கு எந்தத் திகதிவரை திருத்தங்கள் வரும்? அதன் உரிமம் நான் செய்யப்போகும் வேலையை அனுமதிக்கிறதா? என் கணக்கு எந்தச் சேர்வரில், யாருடைய பொறுப்பில் இருக்கிறது? காப்புப் பிரதி அந்தச் சேர்வருக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இருக்கிறதா? நான்காவதுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், ஒவ்வொரு மொம்ஸ் காலாண்டும் முடிந்தவுடன் கணக்குக் கோப்புகளை ஒரு வெளித்தட்டில் இறக்கி, இணைப்பைக் கழற்றி, வீட்டில் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு சில நூறு குரோணர்தான்.