பெங்களூருக்கு ஒரே மணி நேரமாம்!

சென்னையிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒரே மணி நேரம் என்று சொல்பவர் ஒன்று கணக்குத் தெரியாதவர், இல்லையென்றால் டிக்கெட் விற்பவர். நேர்க்கோட்டில் தூரம் 300 கிலோமீட்டர்கூட இல்லை. வானத்தில் பறப்பது முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. மிச்சம், ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் தாமதத்தை மறைக்கவும் சேர்த்தது. (லேட்டாகக் கிளம்பியும் 'கரெக்ட் டைமுக்கு' இறங்கும் மர்மம் இதுதான்!)

அதோடு முடிந்ததா? பெரம்பூர்க்காரர் மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னாடியே வரச் சொல்கிறார்கள். இறங்கினால் தேவனஹள்ளி! 2008-இல் ஊருக்குள் இருந்த எச்.ஏ.எல். விமான நிலையத்தைப் பயணிகளுக்கு மூடிவிட்டு, 35 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து மெஜஸ்டிக் வர டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம். கூட்டிப் பாருங்கள், ஐந்தரை.

ரயிலில்? சதாப்தி ஐந்து மணி நேரம். 2022-இல் வந்த வந்தே பாரத் நாலரை. இறங்குவதே மெஜஸ்டிக் வாசலில்.

இன்டர்வியூவுக்காகக் கடன் வாங்கி விமானம் ஏறும் பையனிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. டிக்கெட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் மட்டும்தான் இருக்கும்.