பொன்னாடையால் உலை கொதிக்குமா?

பந்தல் போட்டவருக்குக் கூலி உண்டு. கம்பம் நட்டு விளக்கு மாட்டியவருக்குக் கூலி உண்டு. ஒலிபெருக்கிக்காரர் முன்பணம் வாங்காமல் குழாயைக் கட்டமாட்டார். தேநீர்க் கடைக்காரர் கோப்பைக் கணக்கை விடமாட்டார். புத்தகக் கட்டுகளைச் சுமந்து வந்த வண்டிக்காரர் வாடகை கைக்கு வந்த பிறகே வண்டியைத் திருப்புவார். நியாயம்! உழைத்தவர் கேட்கிறார், பெறுகிறார். ஆனால் அத்தனை பேரும் எந்தப் பொருளை முன்னிட்டு அங்கே கூடினார்களோ, அந்த நூலை எழுதியவருக்கு என்ன கிடைக்கிறது? ஒரு பொன்னாடை!

நாம் இங்கே எந்தவொரு விழாவின் மீதும் குற்றம் சாட்டவில்லை. தமிழ்நாட்டின் இலக்கிய மேடைகள் அனைத்திலும் ஊறிப்போன வழக்கத்தைச் சொல்கிறோம். 2023 மார்ச்சுத் திங்களில், தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில், ஓர் ஆலையின் திடலில் மாவட்டப் புத்தகத் திருவிழா நடைபெற்றது. 1996இல் மதுரையிலிருந்து பிரித்து அமைக்கப்பட்ட மாவட்டம் அது. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்று அரசு முனைந்ததை வாழ்த்தி வரவேற்கிறோம். தேர் வடம் பிடித்தே பழகிய கைகள் புத்தகப் பையைப் பிடிப்பதைக் கண்டு மகிழாதவர் பகுத்தறிவாளர் ஆகார். ஆனால் மகிழ்ச்சியோடு சேர்த்துச் சில கணக்குகளையும் பார்க்க வேண்டாமா?

நூற்பாலைகளால் பெயர் பெற்ற வட்டாரம் தேனி. பஞ்சைத் திரித்து உருவாக்குவதும் நூல். எண்ணத்தைத் திரித்து உருவாக்குவதும் நூல். தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கியிருக்கிறது. ஆலையிலே நூல் நூற்றவர் சங்கம் அமைத்தார், வாயிற்கூட்டம் நடத்தினார், ஊதியம் கேட்டார், போனசு கேட்டார். கேட்டது அத்தனையும் கிடைத்துவிடவில்லை என்பது வேறு. கேட்பது உரிமை என்பதையாவது நிலைநாட்டினார். ஏட்டிலே நூல் நூற்பவர் மட்டும் கேட்க நாணுகிறார்! கேட்டால், “என்ன இவர், இலக்கியவாதியாயிருந்தும் காசைப் பற்றிப் பேசுகிறாரே” என்று முகம் சுளிக்கிறார்கள். முகம் சுளிப்பவர்கள் யார் என்று பாருங்கள். மாதம் முதல் தேதி தவறாமல் ஊதியம் பெறுகிறவர்கள்!

கம்பம் பள்ளத்தாக்கின் நாவலாசிரியர்களை எடுத்துக்கொள்வோம். தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த ம. காமுத்துரை, ஆலைத் தொழிலாளர் வாழ்வை ‘மில்’ என்னும் நாவலாக்கினார். திருமண வீடுகளிலே அடுப்பின் அனலில் வேகும் சமையற்காரர்களின் வாழ்வை ‘குதிப்பி’யிலே வரைந்தார். அவருடைய வயிற்றுக்கு வழி செய்த தொழில் எது? சமையற் பாத்திரங்களை வாடகைக்கு விடும் தொழில். அண்டாவும் குண்டாவும் கொடுத்த வாழ்வுதான், எழுதுகோல் கொடுத்ததன்று. தேனி சீருடையான் இளமையிலே பார்வையிழந்து, பின்னர்ப் பார்வை மீண்டவர். அந்த இருளையும் ஒளியையும் ‘நிறங்களின் உலகம்’ என்னும் நாவலிலே எழுதினார். அவர் நம்பி வாழ்ந்தது பழ வணிகத்தை. போடி அருகே அம்மாபட்டி மண்ணிலிருந்து எழுந்து, ‘நுண்வெளிக் கிரணங்கள்’ தந்த சு. வேணுகோபாலுக்குக் கைகொடுத்தது கல்லூரி ஆசிரியப் பணி.

இவர்கள் செய்த தொழில் எதுவும் இழிவன்று. பாத்திரக்கடைக்காரர் நாவலெழுதுகிறார் என்பது தமிழுக்குப் பெருமை. அடுப்படியை அறிந்தவர் எழுதியதால் அல்லவா சமையற்காரரின் வியர்வை இலக்கியத்திலே ஏறிற்று! ஆனால் “பாருங்கள், பழம் விற்றுக்கொண்டே எழுதுகிறார், எத்தகைய தியாகம்!” என்று மேடையிலே கண் கலங்குகிறார்களே, அந்தக் கண்ணீர்தான் நமக்குப் பிடிக்கவில்லை. அவரைத் தியாகியாக்கியவர் யார்? எழுத்து சோறு போடாது என்று ஏற்பாடு செய்து வைத்தவர்கள் நாமல்லவா? பட்டினி போட்டுவிட்டு நோன்பிருக்கிறார் என்று புகழ்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

கணக்கைப் பார்ப்போம். ஒரு நாவலின் விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்க. உரிமைத்தொகை நூற்றுக்குப் பத்து என்று கொள்க. ஒரு படிக்கு 25 ரூபாய். முன்பு ஓராயிரம் அடிப்பார்கள். இப்போது வேண்டும்போது வேண்டுமளவு அச்சிடும் பொறி வந்துவிட்டது, முந்நூறு அடித்தாலும் புத்தகம் என்றே பெயர். முந்நூறும் விற்றுத் தீர்ந்தால் 7,500 ரூபாய். மூன்றாண்டு இரவுகளைத் தின்ற நாவலுக்கு இதுதான் கூலி என்றால், ஓர் இரவுக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. பள்ளத்தாக்கின் தேநீர்க் கடையிலே அதற்கு ஒரு தேநீரும் கிட்டாது! இதுவும் பதிப்பகத்தார் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால்தான். காட்டாதவர் பலர். “அச்சுக்கூலியை நீங்களே கொடுங்கள், படிகளை எடுத்துக்கொள்ளுங்கள்” என்பவரும் உண்டு. அதாவது, நெய்தவரே விலை கொடுத்துத் தம் துணியை வாங்கிக்கொள்ள வேண்டும்!

வாங்கிய பிறகு? பதிப்பு முடிந்தால் பரப்புப் பணி தொடங்குகிறது. எழுதியவரே தம் நூலுக்குச் சுமைகூலி, தூதர், விற்பனையாளர் எல்லாம். வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்க வேண்டும். பேச்சாளரை அழைக்க வேண்டும். விளம்பரப் பலகை கட்ட வேண்டும். வருவோருக்குத் தேநீர் தரவேண்டும். பேச்சாளர் நால்வர் வந்தால் நால்வருக்கும் படி இலவசம். அவர்களுள் இருவர் படித்துவிட்டு வந்தால் அதிசயம். பத்து இதழ்களுக்கு மதிப்புரைக்கு அனுப்பினால் ஒன்றிலே நான்கு வரி வரும். அஞ்சற்செலவு எழுதியவர் தலையில். உறவினர் கேட்பார், “நமக்கு ஒன்று தரமாட்டீர்களா?” நண்பர் கேட்பார், “கையெழுத்துப் போட்டு ஒன்று கொடுங்கள்.” பழக்கடையிலே போய், “உங்கள் கையால் ஒரு சீப்பு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்” என்று கேட்பாரா அந்த நண்பர்? வாடகைப் பாத்திரத்தை அன்பளிப்பாகக் கேட்பாரா? கேட்கமாட்டார். பழத்துக்கு விலையுண்டு என்று அறிவார். புத்தகத்துக்கு விலையுண்டு என்பதை மட்டும் அறியார்! கைப்பேசியிலே வாழ்த்துக் குவியும். கைகூப்பும் படங்கள், பூச்செண்டுப் படங்கள், தீப்பொறிப் படங்கள். வாழ்த்தியவரிலே பத்திலொருவர் ஒரு படி வாங்கியிருந்தால் இரண்டாம் பதிப்பு வந்திருக்கும்.

இதற்கெல்லாம் வேர் எங்கே இருக்கிறது? வறுமையிலா? இல்லை. சாலையோரச் சிற்றூரிலும் ஆயிரக்கணக்கில் செலவழித்துக் காதணி விழாவுக்குப் பதாகை கட்டுகிற நாடு இது. வேர் ஒரு மூட எண்ணத்திலே இருக்கிறது. எழுத்து என்பது உழைப்பன்று, அருள் என்னும் எண்ணம்! நாவிலே கலைமகள் எழுதினாள், ஆகவே பாடினான் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அருளால் வந்ததற்குக் கூலி எதற்கு? அதோடு நின்றார்களா? கலைமகள் இருக்குமிடத்தில் திருமகள் இராள், மாமியாரும் மருமகளும் ஒத்துப்போகார் என்று ஒரு கதையும் கட்டினார்கள். எழுதுகிறவர் பசித்திருப்பதற்குத் தெய்வீகக் காரணம் கிடைத்துவிட்டது! இந்தக் கதையால் ஆதாயம் பெற்றவர் யார்? கூலி கொடுக்க வேண்டியவர். நட்டம் யாருக்கு? கூலி பெற வேண்டியவருக்கு. ஒரு கதையை யார் கட்டினார் என்று தெரியாவிட்டால், அதனால் யார் பிழைக்கிறார் என்று பார்த்தால் போதும்.

ஆயுத பூசைநாளில் ஆலைப் பொறிக்குச் சந்தனம் தடவுகிறார்கள். மறுநாள் அதே பொறி ஓடுகிறது, அதை ஓட்டுகிறவர் போனசு கேட்கிறார். புத்தகத்துக்கும் அன்று சந்தனம் தடவுகிறார்கள். ஆனால் அன்றைக்கு அதைத் திறந்து படிக்கக்கூடாதாம்! கும்பிடத் தெரிந்தது, வாங்கவும் படிக்கவும்தான் தெரியவில்லை.

பாரதியைப் பாருங்கள். அருள்பெற்ற கவி என்று இன்று கற்பூரம் காட்டுகிறார்கள். அந்த மனிதர் 1920இல் கடயத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் நூல்களை 40 தொகுதிகளாக, தொகுதிக்கு 10,000 படி வீதம் அச்சிட்டு, எளிய விலைக்கு நாடெங்கும் பரப்பத் திட்டம் வகுத்து, அதற்குக் கடன் கேட்டார். அருளைக் கேட்கவில்லை, முதலைக் கேட்டார்! அச்சு, விலை, வட்டி, விற்பனை என்று பேசினார். தமிழர் கொடுக்கவில்லை. 1921இல் அவர் மறைந்தார். 1949இல் சென்னை மாகாண அரசு அவர் பாடல்களின் உரிமையை வாங்கியது. இடையிலே 28 ஆண்டுகள்! புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மாண்டார். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமையானது 2002இல். எழுதியவரின் குடும்பத்துக்கு அரசு பரிவுத்தொகை தருவதை நாம் குறை கூறவில்லை. தரட்டும், மேலும் தரட்டும். ஆனால் சோறு கேட்டபோது இல்லையென்று, பிண்டம் வைக்கும்போது பெருக்கி வைக்கும் பழைய வழக்கத்தின் சாயல் இதிலே இல்லையா? பெரும்பரிசு பெற்ற எழுத்தாளர்களுக்குக் கனவு இல்லம் தரும் திட்டத்தை அரசு 2021இல் அறிவித்தது. நல்லது. பரிசு எட்டாதவருக்கு வீடு வேண்டா, எழுதிய நூலுக்குரிய நேரிய உரிமைத்தொகை வந்தால் போதும். வாடகையை அவரே கட்டிக்கொள்வார்.

“தமிழிலே வாசகர் குறைவு, ஆகவே ஊதியமும் குறைவு, யார் என்ன செய்ய முடியும்?” என்று கைவிரிப்போர் உண்டு. இவர்களுக்கு விடை தொலைவிலே இல்லை. தேனியிலிருந்து கம்பம், கூடலூர் கடந்து குமுளி மலை ஏறிச் செல்லும் அதே சாலை, பீர்மேடு இறங்கிக் கோட்டயம் போய்ச் சேர்கிறது. ஏலத்தோட்டக் கூலிக்கு நம்மவர் நாள்தோறும் ஏறுகிற மலைதான். அந்தக் கோட்டயத்தில் 1945இல் எழுத்தாளர் பன்னிருவர் கூடி, 120 ரூபாய் முதல் போட்டு, ‘சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கம்’ தொடங்கினார்கள். எம். பி. பால் முதல் தலைவர். சிறுகதையாளர் காரூர் நீலகண்ட பிள்ளை செயலாளர். எழுதியவர்களே பதிப்பாளர், எழுதியவர்களே பங்குதாரர். உரிமைத்தொகை எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு முப்பது! உலகிலே பெரிய நாடுகளின் பதிப்பகங்களும் தராத விழுக்காடு. மலையாளம் பேசுவோர் தமிழ் பேசுவோரை விடக் குறைவு. ஆகவே வாசகர் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. அங்கே எழுத்தாளர் கூட்டுறவாய் எழுந்தார்கள். இங்கே தனித்தனியே பொன்னாடைக்குத் தோள் காட்டினார்கள். அந்தச் சங்கமும் பிற்காலத்தில் தளர்ச்சி கண்டதுண்டு. தளர்ந்ததைக் காட்டி, நடந்ததை மறைக்க முடியாது.

இன்னும் தொலைவு போனால், டென்மார்க்கு நாட்டில் 1946 முதலே பொதுநூலகத்தில் இடம்பெறும் நூலுக்காக அதை எழுதியவருக்கு அரசு பணம் தருகிறது. பிரிட்டன் 1979இல் இதற்கென்றே சட்டம் செய்தது. ஒரு நூல் இரவல் போகும் அளவைக் கணக்கிட்டு எழுதியவருக்குத் தொகை போகிறது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை. நமக்கோ விடுதலைக்குப்பின் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் செய்த பெருமை உண்டு, 1948இலே செய்தோம். வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். அந்த வரியிலே கட்டடம் எழுகிறது, நூல் வாங்கப்படுகிறது. ஐம்பது பேர் படித்து அட்டை கிழிந்த நூலை எழுதியவருக்கு அந்த ஐம்பது வாசிப்புக்கு ஒரு காசும் இல்லை. நூலக வரியிலிருந்து ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கச் சட்டத்தைத் திருத்தினால் என்ன? முதற்சட்டம் செய்தவர்கள் இதையும் முதலிலே செய்யலாமே!

இதிலே நாம் இவ்வளவு சினங்கொள்வதற்குக் காரணம் உண்டு, தோழர்களே. எழுத்துக்குக் கூலியில்லை என்றால் யார் எழுதுவார்? நிலபுலன் உள்ளவர் எழுதுவார். ஓய்வூதியம் உள்ளவர் எழுதுவார். தந்தை சேர்த்து வைத்த வீட்டு வாடகை வருகிறவர் எழுதுவார். ஆலையிலே இரவு முறை பார்த்தவர், அடுப்படியிலே வெந்தவர், தோட்டத்திலே ஏலம் பறித்தவள் எழுத மாட்டார்கள். எழுதத் தெரியாமலன்று, மறுநாள் அரிசிக்கு வழி வேண்டுமே! பிறகு அவர்களுடைய வாழ்வை மாடியிலிருந்து பார்த்தவர் எழுதுவார். சமையற்காரர் கதையிலே வருவார், பரிமாறிவிட்டுப் போய்விடுவார். ஏடும் எழுத்தாணியும் சிலர் கையிலேயே இருந்த காலத்தைக் கல்விச்சாலை கொண்டு உடைத்தோம். கூலியில்லா எழுத்து என்னும் பின்வாசல் வழியே அந்தக் காலம் திரும்பி நுழைய விடலாமா?

எழுதுவோர்க்கும் ஒரு சொல். பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. அதன் 19ஆம் பிரிவை எழுதுவோர் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள்? எழுத்துமூலம் கையொப்பமிட்டுத் தராத உரிமை மாற்றம் செல்லாது என்கிறது அது. எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்தாண்டுக்கே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள்ளேயே செல்லும். ஒப்பந்தத்தில் வேறு வகையாகச் சொல்லப்படாதபோது, பெற்றவர் ஓராண்டுக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது எழுதியவருக்கே மீளும். உரிமைத்தொகை எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி, “அண்ணன் பார்த்துக்கொள்வார்” என்று கைப்படியைக் கொடுத்துவிட்டுப் பத்தாண்டு புலம்புவது எதற்கு? அண்ணனாகவே இருக்கட்டும்; தாளிலே எழுதிக் கையொப்பம் போடட்டும்.

இளைஞர் மன்றத் தோழர்கள் அடுத்த முறை தங்கள் ஊருக்கு ஒரு நாவலாசிரியரை அழைக்கும்போது வரவுசெலவுத் தாளை எடுத்துப் பார்க்கட்டும். பந்தல், ஒலிபெருக்கி, பதாகை, பொன்னாடை என்று எழுதியிருப்பார்கள். பொன்னாடை என்னும் வரியை அடித்துவிட்டு, அவ்விடத்திலே ‘எழுத்தாளர் ஊதியம், பேருந்துச் செலவு’ என்று எழுதி, தொகையையும் எழுதி, அவரை அழைக்கும் மடலிலேயே அதைத் தெரிவிக்கட்டும். வந்தவர்கள் வாங்க ஐம்பது படிகளை விலைக்குத் தருவித்து வாயிலிலே ஒரு மேசை போடட்டும். மன்றத்தின் தலைவர் முதற்படியை வாங்கட்டும், பணம் கொடுத்து.