‘மனிதப் பிழை’ என்று எழுதி மூடிவிடலாமா?

முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத் உள்பட 14 பேரின் உயிரைப் பறித்த குன்னூர் ஹெலிகாப்டர் விபத்துக்கான காரணம், 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் இரண்டே சொற்களில் பதிவானது: மனிதப் பிழை. 2022 ஜனவரியில் விமானப் படை வெளியிட்ட முதற்கட்ட முடிவு இதைவிடத் தெளிவாக இருந்தது. இயந்திரக் கோளாறோ, நாசவேலையோ, அலட்சியமோ காரணமல்ல. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது, விமானி இடவுணர்வை இழந்தார் என்று அது கூறியது. அந்த விளக்கத்திலிருந்து அடுத்த விமானியைக் காக்கும் வழியைத் தேட முடியும். ‘மனிதப் பிழை’ என்ற இரண்டு சொற்களிலிருந்து எதையும் தேட முடியாது.

நமது படைகளின் கணினி, தகவல்தொடர்பு அமைப்புகள் பெருகிவரும் காலத்தில் இந்த வேறுபாடு உயிர் சார்ந்தது. அண்மைக் கால நிகழ்வுகள் இரண்டு அதை உணர்த்துகின்றன.

பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், 2019 பிப்ரவரி 27-இல், ஸ்ரீநகர் விமானப் படைத் தளத்திலிருந்து ஏவப்பட்ட ஏவுகணை, புத்காம் அருகே நமது எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டரையே வீழ்த்தியது. விமானப் படையினர் 6 பேரும் தரையிலிருந்த பொதுமக்களில் ஒருவரும் உயிரிழந்தனர். வானில் பறப்பது நண்பனா, எதிரியா என அடையாளம் காட்டும் ‘ஐஎஃப்எஃப்’ கருவி அந்த ஹெலிகாப்டரில் இயக்கத்தில் இல்லை என்று பின்னர் செய்திகள் வெளியாயின. அது நமது பெரும் தவறு என்று அதே ஆண்டு அக்டோபரில் விமானப் படைத் தலைமைத் தளபதி ஆர்.கே.எஸ். பதௌரியா வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது நிகழ்வு 2022 மார்ச் 9-இல் நடந்தது. பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு பகுதியில் விழுந்தது. உயிரிழப்பு இல்லை என்பது நற்பேறு. அணு ஆயுதம் கொண்ட இரு நாடுகளுக்கு இடையே நடந்த நிகழ்வு அது. ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று இரண்டு நாள்களில் அரசு அறிவித்தது. ஐந்து மாதங்கள் கழித்து, நிலையான செயல்முறையை மீறியதாக மூன்று அதிகாரிகள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களில் ஒருவர் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடினார். தமக்குப் பராமரிப்புப் பயிற்சிதான் அளிக்கப்பட்டது, இயக்கப் பயிற்சி அளிக்கப்படவில்லை என்பது அவரது வாதம். ஏவுகணைகளின் இணைப்பான்கள் இணைப்புப் பெட்டியில் பொருத்தப்பட்டே இருந்தன என்பது விமானப் படையின் பதில்.

முதலில் இயந்திரத்தின் மீதும், பிறகு மனிதர் மீதும் பழி விழுந்தது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் பேசவில்லை. பொருத்தப்பட்டிருக்கக் கூடாத இணைப்பு பொருத்தப்பட்டிருப்பதை எந்த விளக்கு, எந்த ஒலி, எந்தத் திரை உணர்த்தியது? பயிற்சி பெறாதவர் அந்த இடத்தில் நிற்பதை எந்த ஏற்பாடு தடுத்திருக்க வேண்டும்? இவற்றைக் கேட்பதுதான் ‘மனிதக் காரணிகள்’ ஆய்வு.

இத்துறை போர்க்களத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுபாதையிலேயே வயிற்றில் சரிந்தன. இறக்கை மடிப்பை இயக்குவதற்குப் பதிலாக, விமானிகள் சக்கரங்களை உள்ளிழுத்துவிட்டனர். விமானிகளின் கவனக்குறைவு என்றே முதலில் கருதப்பட்டது. அல்போன்ஸ் சாபனிஸ் என்ற உளவியலாளர் விமானியின் அறையைப் பார்த்தார். இரண்டுக்குமான விசைகள் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. சக்கர விசைக்குச் சிறு சக்கர வடிவத்தையும், மடிப்பு விசைக்கு ஆப்பு வடிவத்தையும் பொருத்தினார். எந்த விமானியையும் தண்டிக்காமலே பிழை தீர்ந்தது.

கணினித் திரைகள் வந்த பிறகு சிக்கல் மேலும் நுட்பமானது. 1988 ஜூலை 3-இல் பாரசீக வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பலான வின்சென்ஸ், ஈரானின் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. 290 பேர் மாண்டனர். விமானம் மேலேறிக்கொண்டிருந்தது என்பதே கப்பலின் கணினி பதிவுசெய்த உண்மை. அது தங்களை நோக்கி இறங்கி வருவதாகவே மாலுமிகள் நம்பினர். அன்றைய உலகின் மிக நவீன வான்பாதுகாப்பு அமைப்பு அது. ஆனால், விமானத்தின் உயரத்தைத் தளபதியின் பெரிய திரை காட்டவில்லை. தரவு சரியாக இருந்தும் அது உரிய மனிதரின் மூளையைச் சென்றடையவில்லை. நெருக்கடியில் முடிவெடுப்பது குறித்துத் தனி ஆய்வுத் திட்டத்தையே அமெரிக்கக் கடற்படை பின்னர் தொடங்கியது.

அதே கடற்படை 2017-இல் மீண்டும் ஒரு பாடம் கற்றது. சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலுடன் மோதியதில் 10 மாலுமிகள் இறந்தனர். தொடுதிரையில் சுக்கானின் கட்டுப்பாடு வேறொரு இருக்கைக்கு மாறியிருந்தது. அதை அறியாத மாலுமிகள், சுக்கானே செயலிழந்துவிட்டதாக எண்ணினர். விசாரணைக்குப் பிறகு, தொடுதிரைக்குப் பதிலாகக் கையால் இழுத்துத் தள்ளும் பழைய வகை வேகநெம்புகோலுக்கே திரும்ப அமெரிக்கக் கடற்படை முடிவெடுத்தது. நவீனமானது எல்லாம் மேலானது அல்ல.

நாம் இப்போது அந்தப் பாதையில்தான் வேகமாக நடக்கிறோம். ராணுவத்தின் வான்பாதுகாப்பை ஒரே வலையில் இணைக்கும் ‘ஆகாஷ்தீர்’ அமைப்புக்காக 2023 மார்ச்சில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் ரூ.1,982 கோடிக்கு ஒப்பந்தமானது. 2025 மே மாதம் ‘ஆபரேஷன் சிந்தூர்’ நடவடிக்கையின்போது ட்ரோன்களை எதிர்கொண்டதில் அதன் பங்கை அரசு பெருமையுடன் எடுத்துரைத்தது. பெருமை நியாயமானதே. ஆனால், பல ரேடார்களின் தகவல் ஒரே திரையில் குவியும்போது, அந்தத் திரையின் முன் அமர்ந்திருப்பவர் ஒருவர்தான். அவருக்கு இருப்பது சில நொடிகள்தான். புத்காம் போன்ற பிழை இனி நிகழாமலிருப்பது அந்தத் திரை எப்படி அமைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது.

அவர் யார் என்பதையும் எண்ண வேண்டும். அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞரின் பணிக்காலம் பயிற்சியையும் சேர்த்து நான்கே ஆண்டுகள். அதன் பிறகு அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிலைநிறுத்தப்படுவர். ஒரு கருவியோடு பத்து, பதினைந்து ஆண்டுகள் பழகி, அதன் குறைகளைக் கைப்பழக்கத்தால் ஈடுகட்டிய பழைய சிப்பாய்க்கு இருந்த அவகாசம் இவருக்கு இல்லை. ஆனையூரிலோ உசிலம்பட்டியிலோ தமிழ்வழியில் படித்துவிட்டுப் படையில் சேரும் இளைஞர், ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த எச்சரிக்கையை நள்ளிரவில், களைப்பில், ஒரே பார்வையில் புரிந்துகொள்ள வேண்டும். நிறம், வடிவம், ஒலி ஆகியவற்றால் மொழியைக் கடந்து பேசும் திரை அவருக்குச் சலுகை அல்ல, போர்க்களத் தேவை.

தவறு செய்தவரைத் தண்டிக்காவிட்டால் படையின் ஒழுங்கு குலையும் என்று சிலர் கூறலாம். வேண்டுமென்றே விதியை மீறியவர் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், தண்டனை அந்த ஒருவரோடு முடிந்துவிடும். தவறுக்கு வழிவிட்ட கருவி அதே இடத்தில் அடுத்தவருக்காகக் காத்திருக்கும்.

நம்மிடம் அறிவுக்குப் பஞ்சமில்லை. பாதுகாப்பு ஆராய்ச்சி, மேம்பாட்டு நிறுவனத்தின்கீழ் உளவியல், உடலியங்கியல் ஆய்வகங்கள் தில்லியில் இயங்குகின்றன. பெங்களூரில் விமானப் படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் உள்ளது. இவற்றின் சொல் கொள்முதல் மேசையில் எடுபட வேண்டும். எந்தக் கட்டளைத் திரையும், அதை இயக்கப்போகும் சாதாரணச் சிப்பாய்களைக் கொண்டு, தூக்கமின்மையும் இரைச்சலும் நிறைந்த சூழலில் சோதிக்கப்பட்ட பிறகே ஏற்கப்பட வேண்டும். மயிரிழையில் தப்பிய தவறுகளை அச்சமின்றித் தெரிவிக்கும் ஏற்பாடு முப்படைகளிலும் வலுப்பெற வேண்டும். விசாரணை அறிக்கைகளில் ரகசியமற்ற பகுதிகளையேனும் வெளியிட்டால், பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் கருவிகள் செய்யும் தமிழ்நாட்டு நிறுவனங்களும், மதுரை போன்ற நகரங்களின் பொறியியல் மாணவர்களும் அவற்றிலிருந்து கற்க முடியும்.

இனி ஒரு விசாரணை அறிக்கையில் ‘மனிதப் பிழை’ என்ற சொற்கள் வருமானால், அதற்கடுத்த வரி ‘ஏனெனில்’ என்று தொடங்க வேண்டும். புத்காமில் உயிரிழந்த ஏழு பேருக்கும் நாம் பட்டிருக்கும் கடன் அது.