தேர்தலும் பயிற்றலும் மதித்தலும்

ஆண்டிறுதி அணுகுந்தோறும் நம் கல்லூரியின் மரநிழல்களிலும் விடுதி முற்றங்களிலும் ஒரே பேச்சுத்தான் கேட்கின்றது. யாருக்கு எங்கே வேலை கிடைக்கும், எந்தத் தேர்வுக்கு எத்துணைப் பேர் போட்டியிடுகின்றனர், நேர்காணலில் எத்தகைய வினாக்கள் எழும் என்பனவே அப்பேச்சின் பொருள். நிறுவனத்தின் வாயிலைக் கடக்கும் வழி பற்றி இத்துணைக் கவலை கொள்ளும் நாம், கடந்த பின்னர் அந்நிறுவனம் நம்மை என் செய்யும், நம்மிடம் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது பற்றி ஒரு நாளேனும் எண்ணியதுண்டா?

ஒரு நிறுவனம் தன் பணியாளர்பால் ஆற்ற வேண்டிய கடமைகள் மூன்று. தக்காரைத் தேர்தல் ஒன்று. தேர்ந்தாரைப் பயிற்றல் ஒன்று. பயின்றார் செய்த வினையை மதித்தல் ஒன்று. முதலாவதையும் மூன்றாவதையும் பற்றிப் பேசுவார் பலர். நடுவிலுள்ளதை நினைப்பார் சிலர். அந்நடுக்கடமை இல்லையாயின் ஏனைய இரண்டும் பயனற்றுப் போகும் என்பதும், பயிற்றாத நிறுவனத்திற்குப் பணியாளரை மதிப்பிடும் உரிமையே இல்லை என்பதும் எம் கருத்து.

இக்கருத்து ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று. பள்ளியிறுதித் தேர்வெழுதிய கோடை விடுமுறையில் யாம் ஒரு துணிக்கடையில் பணிக்கமர்ந்தோம். எம்மைச் சேர்க்குமுன் முதலாளி அரைமணி நேரம் வினவினார். ஊர் யாது, தந்தையார் செய்யும் தொழில் யாது, கணக்கில் எத்துணை மதிப்பெண் என்றெல்லாம் கேட்டார். நீண்டதொரு கூட்டற் கணக்கையும் போடச் சொன்னார். சேர்ந்த பின்னரோ ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. விலைச்சீட்டில் எழுதப்பெற்ற எழுத்துக் குறிகள் எதனைக் குறிக்கும் என்பதை யாம் அறியோம். சேலையை விரிக்குங்கால் முந்தானையை எப்பக்கம் காட்டுவது, விரித்ததைக் கசங்காமல் எங்ஙனம் மடிப்பது என்பனவும் அறியோம். முதல் மாத முடிவில், “இவன் மந்தம்” என்று சொல்லிக் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டனர்.

அன்று நண்பகல் உணவு வேளையில், அங்கே நெடுங்காலம் பணியாற்றிய அண்ணாச்சி ஒருவர் எம்மை அருகழைத்து, “தம்பி, இங்கே வா, இதை யாரும் உனக்குச் சொல்லலையா?” என்று கேட்டார். இரண்டு நாழிகைக்குள் அக்குறிகளையும் மடிப்பையும் கற்பித்துவிட்டார். மறுநாள் முதல் எம்மை மந்தம் என்று சொல்வாரில்லை. இரண்டு நாழிகையில் நீங்கக்கூடிய அறியாமையை ஒரு மாதம் வளரவிட்டு, அதற்குத் தண்டமும் இட்டது அந்தக் கடை. பிழை எம்முடையதா, கடையினுடையதா என்பதை வாசகர்களே முடிவு செய்க.

இனி, நம் நாட்டு வரலாற்றிலிருந்து சில சான்றுகளை நோக்குவோம். பணியாளரைத் தேர்தல் என்றவுடன் நம்மனோர் எடுத்துக்காட்டுவது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தே, கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்ச் சபையார் வகுத்த விதிகள் அவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, குடும்புதோறும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுப்பித்தனர். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகார். இவற்றையெல்லாம் பலரும் அறிவர். இது நிலமுடைய அந்தணர் சபையின் ஏற்பாடேயன்றி ஊர்மக்கள் அனைவரும் பங்குகொண்ட குடியாட்சியன்று என்பதையும் மறைத்தலாகாது.

ஆயினும் அக்கல்வெட்டில் பலர் கருதாது விடும் செய்தி ஒன்றுண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட முப்பதின்மரையும் ஒரே தரத்தில் வைத்து அவர்கள் வேலையைப் பகுக்கவில்லை. முன்னரே தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணிசெய்தவரையும், கல்வியாலும் வயதாலும் மூத்தவரையும் சம்வத்சர வாரியத்திற்கு எடுத்தனர். எஞ்சியோரில் பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும் அறுவர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். தோட்டத்தையும் ஏரியையும் காத்துப் பழகியவனுக்கே ஊரின் ஆண்டுப் பொறுப்பைத் தாங்கும் தகுதி முதற்கண் கருதப்பட்டது. குடவோலையைப் புகழ்வோர் ஓலையைக் காண்கின்றனர். ஓலைக்குப் பின்னிருந்த பழக்கத்தைக் காண்கிலர்.

பயிற்சிக்கு மற்றொரு சான்று நம் சென்னையிலேயே உண்டு. கிழக்கிந்தியக் கும்பெனியார் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய இளம் அலுவலர்கள் மக்கள் மொழியறியாதவராய் வந்திறங்கினர். அம்மொழியறியாமல் வரி தண்டுவதும் வழக்குத் தீர்ப்பதும் எங்ஙனம் கைகூடும்? அக்குறை நீக்க 1812-ஆம் ஆண்டில் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைக்கப்பட்டது. அதற்கு முதன்மையாக உழைத்தவர் எல்லிஸ் துரை. தமிழும் தெலுங்கும் பிறவும் அங்கே நாட்டுப் புலவர்களால் கற்பிக்கப்பட்டன. அங்கே தமிழாசிரியராயிருந்த தாண்டவராய முதலியார் எழுதிய பஞ்சதந்திர வசனம் 1826-இல் வெளிவந்தது. ஆளவந்தவர்கள் தம் ஆட்சிக்காகச் செய்த ஏற்பாடே அது. அதில் நாம் மயங்க வேண்டுவதில்லை. எனினும், பணியில் அமர்த்திய நிறுவனமே பணிக்கு வேண்டிய அறிவையும் அளித்தல் வேண்டும் என்ற கொள்கை அதனுள் இருந்தது. தமிழ் உரைநடை வளர்ச்சிக்கும் அது ஒரு துணையாயிற்று என்பதைத் தமிழ் மாணவராகிய யாம் நன்றியோடு நினைக்கின்றோம்.

பின்னர்க் காலம் மாறியது. 1855 முதல் இந்திய சிவில் பணிக்கு இலண்டனில் போட்டித் தேர்வு நடந்தது. செல்வாக்குடையார் பரிந்துரையால் நுழைந்த வழி அடைபட்டதென்பது உண்மையே. ஆயினும் வாயில் திறந்த கையே அதனைக் குறுக்கவும் செய்தது. கடல் கடந்து சென்று எழுத வேண்டிய அத்தேர்வில் முதன்முதல் வெற்றி கண்ட இந்தியர் சத்தியேந்திரநாத் தாகூர், ஆண்டு 1863. 1878-இல் வயதின் மேல்வரம்பு பத்தொன்பதாகக் குறைக்கப்பட்டது. எம் வயதில் இருந்த இந்திய இளைஞனொருவன் அயல்மொழியில், அயல்நாட்டில், அங்கேயே வளர்ந்தாரோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 1922 முதற்றான் அத்தேர்வு இந்தியாவிலும் நடைபெற்றது. தேர்வு ஒன்றையே நீதி என்று நம்புவோர் இவ்வரலாற்றை மறவாதிருப்பாராக.

இக்காலத்தில் மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப்பணித் தேர்வு முதனிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று படிகளையுடையது. இறுதித் தரவரிசைக்கு உரிய மதிப்பெண் 2025. தேறியோர்க்கு முசௌரியில் 1959 முதல் பயிற்சிக் கழகம் உண்டு. நம் மாநிலத்திலும் அரசு அலுவலகங்களில் சேரும் இளநிலை உதவியாளர்க்குப் பவானிசாகரில் பயிற்சி நிலையம் உண்டு. அரசு செய்யும் இந்நன்மையைத் தனியார் பள்ளிகளும் கடைகளும் தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் எத்துணையளவு செய்கின்றன? “அனுபவமுள்ளவர் தேவை” என்னும் விளம்பரத்தை நாடோறும் காண்கின்றோம். எல்லாரும் அனுபவமுள்ளவரையே வேண்டுவாராயின், அவ்வனுபவத்தை அளிப்பவர் யாவர்? அயலான் நட்டு நீர்வார்த்த மரத்தின் கனியை மட்டும் நாடும் செயலன்றோ இது!

இனி மதித்தலைப் பற்றிச் சிறிது கூறுவோம். அரசுப் பணியில் நெடுங்காலம் மறைக்குறிப்பு என்னும் வழக்கம் இருந்தது. மேலதிகாரி ஆண்டுதோறும் தம் கீழுள்ளாரைப் பற்றி எழுதி வைப்பார். கடுங்குறை ஒன்று எழுதியிருந்தாலன்றி எழுதப்பெற்றவர் அதனை அறியார். எல்லைச் சாலைகள் பொறியியற் பணியிலிருந்த ஒருவர்க்கு ஓராண்டுக் குறிப்பில் “நன்று” என்று எழுதப்பட்டிருந்தது. உயர்வு பெறுவதற்கோ “மிக நன்று” என்றிருத்தல் வேண்டுமாம். நன்று என்னும் சொல்லே அவர்க்குத் தீதாய் முடிந்தது. அச்சொல் தம்மைப் பற்றி எழுதப்பட்டிருப்பதை அவர் அறியவுமில்லை. 2008-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வழக்கில், நல்லதாயினும் தீயதாயினும் ஒவ்வொரு குறிப்பும் உரியவர்க்குத் தெரிவிக்கப்படல் வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. அதனை அடுத்து மத்திய அரசும் 2009-இல் அக்குறிப்பின் பெயரையும் முறையையும் மாற்றி, முழுவதையும் பணியாளர்க்குக் காட்ட ஆணையிட்டது. மறைவில் எழுதிய மதிப்பீடு ஒருவனைத் திருத்தமாட்டாது; தண்டிக்க மட்டுமே வல்லது. தன் குறையை அறியாதவன் அதனை எங்ஙனம் களைவான்?

“அச்சமில்லையேல் பணியாளர் சோம்புவர், ஆண்டுதோறும் கடைப்பட்டாரைக் களைந்தாலன்றி நிறுவனம் செழியாது” என்று சொல்வாரும் உளர். அவர்க்கு அமெரிக்க நாட்டு ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமே எடுத்துக்காட்டு. 1981 முதல் 2001 வரை அதன் தலைவராயிருந்த ஜாக் வெல்ச் என்பார், நூற்றுக்குப் பதின்மரைக் கடைநிலையிலிட்டு வெளியேற்றும் முறையைப் போற்றினார். நிறுவனம் பெருகியது உண்மை, மறுக்கின்றிலோம். சோம்பலையும் வஞ்சகத்தையும் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. ஆனால் அம்முறையில் ஒரு பெருங்குறை உண்டு. பதின்மரும் வல்லுநராயினும் ஒருவர் கடையராதல் வேண்டும். பதின்மரும் வலியிலராயினும் ஒருவர் தலைவராதல் வேண்டும். அருகிருப்பவன் வென்றால் தான் வீழ்வான் என்றறிந்தவன், தான் அறிந்ததை அவனுக்குக் கற்பிப்பானா? எம் துணிக்கடை அண்ணாச்சி அத்தகைய நிறுவனத்தில் இருந்திருப்பின், எம்மை அருகழைத்திருப்பாரோ? இதே வகை முறையைக் கையாண்ட மைக்ரோசாப்ட் நிறுவனம் 2013-இல் அதனைக் கைவிட்டது.

இவ்விடத்தே நம் நன்னூல் நினைவுக்கு வருகின்றது. பவணந்தி முனிவர் தம் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்தார் என்பதை நாம் அனைவரும் படித்திருக்கின்றோம். ஆனால் மாணாக்கன் இலக்கணத்துக்கு முன்னே ஆசிரியன் இலக்கணத்தை அவர் வைத்த முறையை நாம் ஊன்றி நோக்குவதில்லை. ஆசிரியராகத் தக்காரை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிட்டதோடு அமையாது, ஆசிரியராகத் தகாதாரையும் நான்கு உவமைகளால் காட்டினார். அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே கொள்வோம். மடற்பனை தன்னை நெருங்கவொட்டாது. தானாக விழும் கனியையே பிறர் கொள்ளல் வேண்டும். முடத்தெங்கோ ஒருவன் நீர்வார்க்க, வேறொருவன் மனையில் காயை உதிர்க்கும். ஐயம் கேட்க வந்தவனை அணுகவிடாத மேலதிகாரி மடற்பனை அல்லரோ? ஒருவன் உழைப்பைக் கொண்டு மற்றொருவனுக்கு உயர்வளிப்பவர் முடத்தெங்கு அல்லரோ? மதிக்கப்படுவோனை ஆராயுமுன் மதிப்பவனை ஆராய்க என்பதே அவ்வைப்பு முறையால் யாம் பெறும் பொருள்.

ஆகவே யாம் வேண்டுவன மூன்றே. புதிதாய்ச் சேர்ந்தார்க்கு வழிகாட்ட மூத்தார் ஒருவரை முதல் நாளிலேயே குறித்தல் வேண்டும். அப்பயிற்சி முடியுமுன் எவரையும் தகுதியில்லார் எனல் ஆகாது. மதிப்பீட்டை நேரிற் கூறி, அவர்தம் மறுமொழியையும் அதனோடு பதிந்து வைத்தல் வேண்டும். மேலதிகாரியை மதிக்குங்கால், அவர் ஈட்டிய ஊதியத்தோடு, அவர் கைக்கீழ் வளர்ந்து மேலேறினார் எத்துணையர் என்பதையும் எண்ணல் வேண்டும்.

இவை பெரிய நிறுவனங்கட்கு மட்டும் உரியனவல்ல. நம் கல்லூரி மன்றங்களைப் பாருங்கள். ஆண்டுதோறும் ஆரவாரத்தோடு செயலாளரைத் தேர்கின்றோம். தேர்ந்தெடுக்கப்பட்டவர் கையில் ஓர் அலமாரித் திறவுகோலும், முன்னவர் எழுத்தால் நிரம்பியும் பிறர்க்கு விளங்காத கணக்கேடு ஒன்றும் வந்து சேர்கின்றன. அழைப்பிதழ் எங்கே அச்சிடுவது, பேச்சாளர்க்கு எப்பொழுது எழுதுவது, பற்றுச்சீட்டை எங்ஙனம் பேணுவது என்று சொல்வாரில்லை. ஆண்டு முடிவில், “இவ்வாண்டுச் செயலாளர் திறமையற்றவர்” என்று அனைவரும் தீர்ப்புக் கூறுகின்றோம். எம் துணிக்கடைக்கும் நம் மன்றத்திற்கும் உள்ள வேற்றுமைதான் யாது?

இவ்வாண்டு விடைபெறும் மூத்த மாணவர்களை யாம் வேண்டிக்கொள்வது இதுவே: திறவுகோலை ஒப்படைக்கும் நாளில் இரண்டு நாழிகை உடனிருந்து கற்பித்துச் செல்லுங்கள். நம்மில் பலர் நாளை பிறர்கீழ்ப் பணியாற்றுவோம். சிலர் பிறரைப் பணிகொள்வோம். பிறரை மதிப்பிடும் துலாக்கோல் நம் கைக்கு வரும் நாளில், நிறுக்கத் தொடங்குமுன், “இவர்க்கு யாம் கற்பித்தது என்ன?” என்று நம்மையே முதலில் கேட்டுக்கொள்வோமாக.