ஓரிரவின் மறுநாள்

முன்பின் பழக்கமில்லாத, அல்லது சில மணி நேரமே பழகிய இருவர் ஒருமுறை கூடிப் பிரிவதைத் தமிழில் ஓரிரவு உறவு எனலாம். நகரத்து இளைஞர்கள் 'ஒன் நைட் ஸ்டாண்ட்' என்று ஆங்கிலத்திலேயே சொல்கிறார்கள். 2012-ல் டிண்டர் செயலி வந்த பின் இதைப் பற்றிய பேச்சு பெருகியது என்றாலும் நிகழ்வு மிகப் பழையது. குறுந்தொகையின் 25-ஆம் பாடலில் கபிலர் காட்டும் தலைவி, தன்னைக் களவில் கூடியவன் நாளை மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று கலங்குகிறாள். அன்று அங்கே வேறு மனிதர் இல்லை; மீனுக்காகக் காத்து நின்ற குருகு மட்டுமே இருந்தது. கூடியதற்காக அவள் வருந்தவில்லை. நடந்தது நடந்ததுதான் என்று சொல்ல ஒருவரும் இல்லையே என்றே தவிக்கிறாள். ஏமாற்றும் தவறும் தலைகாட்டிய பிறகுதான் மூத்தோர் மணச் சடங்குகளை வகுத்தனர் என்று தொல்காப்பியக் கற்பியல் கூறும் காரணத்தையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம்.

மறுநாளின் மனநிலையை அளக்க முயன்ற ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது, பிரிட்டனின் டர்ஹம் பல்கலைக்கழக உளவியலாளர் ஆன் கேம்ப்பெல் 2008-ல் வெளியிட்டது. ஓரிரவு உறவு கொண்ட அனுபவமுள்ள 1,743 பேரிடம் அவர் கருத்துக் கேட்டார். ஆண்களில் 80 சதவீதம் பேரும் பெண்களில் 54 சதவீதம் பேரும் ஒட்டுமொத்தத்தில் நல்ல உணர்வே மிஞ்சியதாகச் சொன்னார்கள். இடைவெளி பெரிதுதான். ஆனால் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது கசக்கவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கசந்தவர்களும் நிலையான உறவு கிடைக்கவில்லையே என்று பெரிதாகப் புலம்பவில்லை. தங்களைப் பயன்படுத்திக்கொண்டார்கள், தங்களைத் தாங்களே தாழ்த்திக்கொண்டோம் என்ற எண்ணமே அவர்களை அரித்தது.

பெண்ணுக்கு ஏன் வருத்தம் அதிகம்? கருவுறும் சுமை பெண்ணுக்கே என்பதால் பரிணாமம் அவளை எச்சரிக்கையாக வார்த்தெடுத்திருக்கிறது என்பது ஒரு விளக்கம். ட்ரொன்ஹெய்மில் உள்ள நார்வே அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெய்ஃப் கென்னேரின் குழு இதையே முன்வைக்கிறது. ஆண்-பெண் சமத்துவத்தில் உலகுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் நாட்டிலும் இந்த இடைவெளி மறையவில்லை என்பது அவர்களின் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் அதே குழு 2018-ல் வெளியிட்ட இன்னொரு முடிவை இவ்விளக்கம் முழுமையாகத் தாங்காது. தானே முதல் அடி எடுத்துவைத்த பெண்களுக்கு வருத்தம் குறைவாக இருந்தது. கருவுறும் ஆபத்து யார் முதலில் கேட்டார்கள் என்பதைப் பார்த்து வருவதில்லை. முடிவு தன் கையில் இருந்ததா என்பதற்கும் மறுநாளின் மனநிலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகவே கொள்ள வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜானா வ்ரங்கலோவா செய்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. 528 மாணவர்களை ஒரு கல்வியாண்டு முழுவதும் பின்தொடர்ந்த அவர், உறவு கொண்டார்களா இல்லையா என்பதோடு நிற்காமல் எதற்காக என்றும் கேட்டார். தமக்கு விருப்பம் இருந்ததால் சென்றவர்களிடம் பாதிப்பைக் காண முடியவில்லை. நண்பர்களின் கேலிக்காக, குடித்த நிலையில், மறுக்கத் தெரியாமல், யாரையோ பழிவாங்க, இது காதலாக மலரும் என்ற நம்பிக்கையில் சென்றவர்களிடம் சுயமதிப்பு குறைந்திருந்தது. சோர்வும் பதற்றமும் கூடியிருந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரு இரவுகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இன்பத்திலும் பங்கு சமமாக இல்லை. எலிசபெத் ஆம்ஸ்ட்ராங், பாலா இங்கிலாந்து உள்ளிட்ட சமூகவியலாளர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளிடையே செய்து 2012-ல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருடன் முதல்முறை கூடியபோது உச்சம் எய்திய பெண்கள் 11 சதவீதம். நிலையான உறவில் இருந்தவர்களில் 67 சதவீதம். அந்நியரின் உடல் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு முறை போதாது. அதை விசாரிக்கும் அக்கறையும் பல ஆண்களிடம் இருப்பதில்லை.

'ஆக்சிடோசின்' என்ற ஹார்மோன் சுரப்பதால் பெண் ஒரே இரவில் ஒட்டிக்கொள்கிறாள், ஆணுக்கு அப்படி இல்லை என்று பரவலாகச் சொல்லப்படுவது நம்பத்தக்கதன்று. அது பெரும்பாலும் இணையோடு வாழும் புல்வெளி வோல் எலிகளின் ஆய்விலிருந்து மனிதருக்கு நீட்டப்பட்ட கருத்து. ஆக்சிடோசின் ஏற்பி இல்லாமல் மரபணு திருத்தப்பட்ட வோல்களும் இணைசேர்ந்து வாழ்கின்றன என்று 2023-ல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள்.

ஆண்களின் சோகம் அரிதாகவே கணக்கில் வருகிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், கூடிய பின் காரணமறியாத துயரமோ எரிச்சலோ ஒருமுறையேனும் வந்ததாகச் சொன்ன ஆண்கள் 41 சதவீதம். வெற்றிக் கதையாகவே சொல்லிப் பழக்கப்பட்டவர்களுக்கு அந்தத் துயரத்தைச் சொல்லச் சொற்களே கிடைப்பதில்லை.

உடல் சார்ந்த அளவுகளுக்குள் அடங்காத இன்னொன்றும் உண்டு. சுருக்கமான சந்திப்பு சில சமயம் ஆண்டுக்கணக்கில் நெஞ்சில் தங்கிவிடுகிறது. நெருங்கியவரிடம் மறைப்பதை அந்நியரிடம் மனிதர் கொட்டிவிடுவதை ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயார்க் சிம்மல் 1908-லேயே கவனித்தார். நாளை முகம் பார்க்க வேண்டியதில்லை என்ற விடுதலை அது. அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 1989-ல் பிலடெல்பியாவில் ஒரு பெண்ணுடன் ஓர் இரவு முழுவதும் நடந்து பேசினார். அந்த நினைவிலிருந்து உருவான 'பிஃபோர் சன்ரைஸ்' படம் 1995-ல் வெளிவந்தது. படத்தைப் பார்த்து அவள் வருவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ 1994-லேயே விபத்தில் இறந்துபோயிருந்தாள். அவருக்குத் தெரிந்தது 2010-ல். அந்த இரவை வீண் என்றோ தவறு என்றோ எந்தத் தராசில் நிறுப்பது?

தமிழில் இப்பொருளை ஜெயகாந்தனைப்போல் வேறெவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1966-ல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழையில் நின்ற கல்லூரி மாணவி, அறிமுகமில்லாத ஒருவனின் காரில் ஏறுகிறாள். அங்கே நிகழ்ந்ததை முழு இசைவுடன் கூடிய உறவு என்று சொல்ல முடியாது; அவள் திகைத்துப்போகிறாள். வீடு திரும்பியதும் தாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ தூயவள் என்று சொல்லிவிடுகிறாள். பெரும் சர்ச்சை எழுந்தது. பிறகு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே இரவை எடுத்துக்கொண்டு தாயை மட்டும் மாற்றினார். இந்தத் தாய் அலறுகிறாள். அண்ணன், கங்கா என்ற அந்த மாணவியை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா படிக்கிறாள், அதிகாரியாகிறாள், தனித்துவிடப்படுகிறாள். கடைசியில் அந்தக் கார்க்காரனையே தேடிப் போகிறாள். சாகித்ய அகாதெமி 1972-ல் இந்நாவலுக்கு விருது அளித்தது. இரவு ஒன்றுதான். மறுநாள் கிடைத்த சொல் வேறாக, இரண்டு வாழ்க்கைகள் ஆயின. எந்தப் பல்கலைக்கழகமும் இப்படி ஒரு சோதனையை மனிதர்மீது நடத்த முடியாது. குறுகிய உறவின் காயம் அதன் குறுக்கத்தில் இல்லை என்ற தீர்ப்புக்கு இதைவிட வலுவான சான்றும் தேவையில்லை.

சொல்ல முடியாமையின் விலை இங்கே இன்றும் குறையவில்லை. திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி 2005-ல் ஓர் இதழுக்குக் கருத்துச் சொன்னதற்காகவே நடிகை குஷ்பு மீது தமிழ்நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்துசெய்தது 2010-ல். கருத்துக்கே இந்தப் பாடு என்றால், அனுபவத்தை யாரிடம் சொல்வது? இந்தியப் பெண்ணின் மறுநாள் அச்சத்தில் பெரும்பங்கு அவளோடு இருந்தவனைப் பற்றியதன்று. அம்மாவுக்குத் தெரிந்துவிடுமோ, யாராவது படம் எடுத்திருப்பார்களோ, மாதவிலக்கு தள்ளிப்போகுமோ என்பதே அந்த அச்சம்.

அவளுக்குக் காத்திருக்க நேரமும் இல்லை. அவசரகாலக் கருத்தடை மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாக உட்கொள்ள வேண்டும். எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். வெட்கத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கிலிருந்து கழிகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் 'கணவர்' என்ற சொல்லின் இடத்தில் 'இணையர்' என்று எழுதியது. 20 முதல் 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாதவரை விலக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. சட்டம் கைவிட்டுவிட்ட 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்ற கேள்வியை, மருந்துக் கடைக்காரரும் மருத்துவரும் செவிலியரும் முதல் கேள்வியாகக் கேட்பதை இனியாவது நிறுத்த வேண்டும்.