அலுமாரியில் உறங்கும் ரோபோக்கள்

சுன்னாகத்துப் பாடசாலை ஒன்றின் அலுமாரிக்குள் இரண்டு ரோபோப் பெட்டிகள் உறங்குகின்றன. பாடசாலையின் பெயர் வேண்டாம். கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் அனுப்பியவை அவை. பரிசளிப்பு விழாவன்று வெளியே வரும். படமெடுத்து முடிந்ததும் உள்ளே போகும். "ஒரு துண்டு தொலைந்தால் யார் பொறுப்பு?" என்று ஆசிரியர் என்னிடம் கேட்டார். அவரில் பிழையில்லை. எதை அனுப்புவது என்று தீர்மானித்தவர்களிடமே பிழை இருக்கிறது. அவர்களுள் சிலர் இதனை வாசிக்கக்கூடும் என்பதால் சற்று உரத்தே சொல்கிறேன்.

விலை உயர்ந்ததே சிறந்தது என்று நினைக்கிறோம். லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டோர்ம்ஸ் 1998இல் சந்தைக்கு வந்தது. சீமோர் பேப்பர்ட் 1980இல் வெளியிட்ட நூலின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். நல்ல கருவிதான், மறுக்கவில்லை. ஆனால் 2022 இறுதியோடு அந்த வரிசையை நிறுவனமே நிறுத்திவிட்டது. இனி அதன் மோட்டார் பழுதானால், சுன்னாகச் சந்தையில் எந்தக் கடையில் மாற்று வாங்குவது?

"இலண்டன் பிள்ளைக்குக் கிடைப்பது எங்கள் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். 2016இல் பிரித்தானியாவில் பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டது எது? உள்ளங்கைக்குள் அடங்கும் மைக்ரோபிட் பலகை! சிறிய பற்றரிகள் இரண்டில் அது இயங்கும். ஒரு பெரிய பெட்டியின் விலைக்குப் பத்துப் பலகைகளாவது வாங்கலாம். இரண்டு ஆணிகளை மண்ணில் ஊன்றி அதனோடு இணைத்தால் மண்ணின் ஈரத்தை அளக்கலாம். வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பு எப்போது வேண்டும் என்று தகப்பனுக்குச் சொல்லும் பிள்ளை, பொம்மை வண்டியை ஓடவிடும் பிள்ளையைவிடக் கூடுதலாகவே கற்றிருக்கும். 2005இல் இத்தாலியில் பிறந்த ஆர்டுயினோவும் அப்படித்தான். அதன் வரைபடம் எவருக்கும் திறந்தே கிடக்கிறது.

தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத குடாநாட்டில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகம் நாங்கள். திறந்து பார்க்கவும் திருத்திப் பார்க்கவும் எங்களுக்கு எவரும் பெட்டி அனுப்பவில்லை.

இதே சுன்னாகத்தில்தான் மின்னுற்பத்தி நிலையத்தின் எண்ணெய் கலந்து நிலத்தடி நீர் மாசுபட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட நிறுவனத்தை இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. இயந்திரத்துக்குள் என்ன நடக்கிறது, கழிவு எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று இந்த ஊருக்கு வேண்டும். மூடிய பெட்டி அந்தக் கேள்வியைக் கற்றுத் தராது.

ஆகவே, அன்பளிப்புச் செய்ய விரும்புவோர் முதலில் மூன்றைக் கேளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்று வருமா? உடைந்தால் இங்கேயே மாற்று வாங்க முடியுமா? இணையம் அறுந்த நாளிலும் பாடம் நடக்குமா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். மிஞ்சும் பணத்தில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுங்கள். உடைந்தால் எவரையும் குற்றம் சொல்லமாட்டோம் என்று அதிபருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். அந்தக் கடிதம் போனால்தான் அலுமாரி திறக்கும்.